பொட்டு வைத்த நாற்காலி

சில பேர் காலையில் நாளிதழைப் பிரித்ததும் ராசிபலன் பார்ப்பார்கள். நான் எங்கள் கம்பெனிக்கு வரும் அட்டைப்பெட்டி லோரியைப் பார்ப்பேன். அது எப்போதாவது ஒரு நாள் எட்டிப் பார்த்தால் நாற்காலி வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தம். தவறாமல் வந்தால் ஆர்டர் கொட்டுகிறது, ஓவர்டைம் உண்டு, என் வீட்டுக்காரர் திரும்பி வர வழி பிறக்கலாம். கடைசியில் சொன்னது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. மற்றதெல்லாம் முதலாளியின் தலைவலி.

எங்கள் ஊர் லாபு பக்கம் ஒரு மேசை நாற்காலி கம்பெனியில் பேக்கிங் பகுதியில் இருக்கிறேன். தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் சீன முதலாளி, பக்கத்துத் தோட்டத்துக் கடை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தமிழை எங்களைவிடச் சரளமாகப் பேசுவார், திட்டும்போது இன்னும் சரளம். நாங்கள் நாற்காலி செய்வது பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில். பால் வற்றிய கிழட்டு மரத்தை வெட்டி, அறுத்து, மருந்தில் ஊறப்போட்டு, சூளையில் காயவைத்தால் இளம் மஞ்சளாக லட்சணமான பலகை கிடைக்கும். ஆனால் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டு வருடக்கணக்காகிறது. இப்போது பலகையைத் தேடி கோலா கிளாவாங் மலைப்பக்கம் வரை லோரி போகிறது. கம்பெனி வாசலுக்கு எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை நிற்கிறது, அதில் ஒரு முக்காலிகூடச் செய்ய முடியாது. தவுக்கே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பந்தி முடிந்த பிறகு கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி.

பேக்கிங்கில் நிற்பவளுக்கு உலக நடப்பு தானாகத் தெரிந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் நாற்காலி முழுசாக வரும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிறகு கால் தனி, முதுகு தனி, உட்காரும் பலகை தனி என்று பிரித்துப் படுக்கவைத்து, ஒரு சின்னப் பையில் திருகாணிகளைப் போட்டு அனுப்பச் சொன்னார்கள். கப்பலில் இடம் மிச்சமாம். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து தானே திருகிக்கொள்வாராம். அட்டையும் வருடா வருடம் மெலிந்தது. இத்தனை செய்தும் அந்த நாற்காலி ஒன்றுகூட எங்கள் ஊரில் விற்பனைக்கு வராது, எல்லாம் கப்பலேறிவிடும். எங்கள் வீட்டில் கிடப்பது அம்பாங்கான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றுக்கு முதுகில் கீறல்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் கால் மெஷினில் இருந்தார். நாற்காலியின் பின்னங்கால் நேராக இருக்காது, இடுப்புக்கு மேல் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வை மெஷினில் போடுவதுதான் அவர் வேலை. அவர் செய்த கால் என்னிடம் வந்து பெட்டிக்குள் போகும். ஒரே கூரைக்கு அடியில் இருந்தோம், ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். சண்டை போட்டால்கூட மோட்டாரில் போட்டுக்கொண்டே வருவோம், வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஊரடங்குக் காலத்துக்குப் பிறகு வெளிநாட்டில் எல்லோரும் மேசை நாற்காலி வாங்கித் தள்ளினார்கள். எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை. அப்புறம் ஒரே அடியாக நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை மேசைதான் வேண்டியிருக்கும்? கிடங்கில் நாற்காலி கூரையைத் தொட்டது. தவுக்கே இரண்டாவது ஷிப்டை மூடினார். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளுக்குப் பெர்மிட் பணம் கட்டியாகிவிட்டது, அவர்களை நிறுத்த வழியில்லை. இரண்டாவது ஷிப்டில் இருந்த உள்ளூர்க்காரர்கள் வெளியே வந்தார்கள். அதில் இவரும் ஒருவர்.

தெற்கே இருக்கும் மூவாரில் தடுக்கி விழுந்தால் நாற்காலி கம்பெனிதான். அங்கே ஒரு பெரிய இடத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். வேலை தெரிந்த ஆள் எங்கே இருந்தாலும் விடமாட்டார்கள். ஆறு மாதம் பார்க்கலாம் என்று கிளம்பினார். ஆறு மாதம் வளர்ந்துகொண்டே போனது. நானும் கூடப் போயிருக்கலாம், ஆனால் மகள் அப்போது பள்ளியில் நான்காம் படிவம். இங்கிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போக எனக்கு மனசில்லை. அவர் தங்குவதும் ஆண்கள் மட்டும் இருக்கும் கம்பெனி வீடு. ஒரு அறையில் நாலு பேர் படுக்கிறார்கள்.

சாயங்காலம் சாப்பிடும்போது போனில் முகம் பார்த்துப் பேசுவோம். ஒருநாள் போன் சரிந்தபோது கவனித்தேன். அவர் சாயம் வந்த காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நாள் முழுக்க ஊர் உலகத்துக்கெல்லாம் நாற்காலி செய்கிற மனுஷன்.

ஏக்கம் என்பது பெரிய விஷயங்களில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் வேலை முடிந்து வந்தால் காதுக்குள் மரத்தூள் இருக்கும். துண்டு முனையை முறுக்கி நான்தான் எடுத்துவிடுவேன். அவர் கூச்சத்தில் தோளைச் சுருக்குவார். மூவார் போன பிறகு அந்தக் காதை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு அழுகை வரும், கூடவே கோபமும் வரும். யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்காலி வாங்காத வெள்ளைக்காரன்மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சாம்பிள் வந்தது. அதுவரை சீனாவில் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி, சீனச் சரக்குக்கு ஏறிய இறக்குமதி வரிக்குப் பயந்து வேறு நாடுகளில் விலை கேட்கத் தொடங்கியிருந்தது. எங்களிடமும் வியட்னாமில் ஒரு கம்பெனியிடமும் சாம்பிள் நாற்காலி கேட்டிருந்தார்கள். எது பிடிக்கிறதோ அங்கே ஆர்டர். தவுக்கே பேக்கிங் பக்கம் வந்து, எல்லோரும் கேட்கும்படி என்னிடமே சொன்னார்.

"இந்த ஆர்டர் கெடச்சா ரெண்டாவது ஷிப்ட் தொறக்குறேன் தங்கச்சி. மொத ஆளா உன் வீட்டுக்காரரத்தான் கூப்பிடுவேன் லா."

அதற்குப் பிறகு எனக்கு வேறு சாமி இல்லை, அந்தச் சாம்பிள் நாற்காலிதான். சாயம் போடாத வெறும் மரத்தில், நன்றாகத் தேய்த்து, மஞ்சள் துணி போர்த்தி ஆபீஸ் மூலையில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். துணியை விலக்க மாட்டேன், சும்மா பார்ப்பேன். கூட வேலை செய்யும் பெண்கள், பெண் பார்க்கப் போகிறாயா என்று கிண்டல் செய்தார்கள்.

ஆயுத பூஜை எங்கள் கம்பெனியில் விமரிசையாக நடக்கும். மத்தியானத்தோடு மெஷின்களை நிறுத்தித் தூள் ஊதி, எண்ணெய் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அறுக்கிற மெஷினுக்கு, துளை போடும் மெஷினுக்கு, ஆணி துப்பாக்கிக்கு, பெட்டி தூக்கும் வண்டிக்கு, என்னுடைய டேப் ஒட்டும் கருவிக்குக்கூட. நேப்பாளத்துத் தம்பிகள் அவர்கள் ஊர் வழக்கப்படி தாங்களும் கும்பிடுவார்கள். தவுக்கே ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிவந்து படைப்பார். பூசணி உடைப்பதும் அவர்தான். குறி தப்பாது.

அந்த வருடம் தீபாராதனை முடிந்ததும் தவுக்கே ஒரு காரியம் செய்தார். யாரிடமும் கேட்கவில்லை. குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலில் அள்ளினார், அதன்மேல் ஈரக் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டார், நேராக ஆபீஸ் மூலைக்குப் போனார். மஞ்சள் துணியை எடுத்துவிட்டு, சாம்பிள் நாற்காலியின் முதுகுப்பலகை நடுவில், நெற்றியில் வைப்பது போல, நன்றாக அழுத்திப் பொட்டு வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம். நானும்தான் கும்பிட்டேன், எல்லோரையும்விட அதிக நேரம். சாயம் போடாத பால்மரம் ஈரத்தைக் குடிக்கும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பக்தி வந்துவிட்டால் தெரிந்தது எல்லாம் எங்கே போகும் என்று தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அரைநாள் வேலை. துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. தேய்த்துப் பார்த்தார்கள், சிவப்பு வெளிறியதே தவிரப் போகவில்லை. இன்னும் தேய்த்தால் பலகை மெலிந்துவிடும். சாம்பிள் எந்தத் தடிமனோ ஆர்டர் முழுக்க அந்தத் தடிமன்தான் என்று வாங்குகிறவர் பிடித்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை அது விமானம் ஏற வேண்டும். தவுக்கே தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அந்த விரலை ஒடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

பூஜைக்காக லீவு போட்டு என் வீட்டுக்காரர் முந்தின நாள் ஊருக்கு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தவுக்கே கூப்பிடக்கூட இல்லை. பொட்டு வைத்த பலகையை மட்டும் மாற்றினால் மற்ற பலகைகளோடு நிறம் சேராது, புதிதாகவே ஒன்று செய்துவிடலாம் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவுக்கே கம்பெனியைத் திறந்துவிட்டு, ஆபீஸ் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பெரிய கொட்டகையில் ஒரே ஒரு மெஷின் சத்தம். அவர் தன் பழைய மெஷின் முன்னால் நின்று காலைப் போட்டார். நான் மறுமுனையில் பலகையைத் தாங்கிப் பிடித்தேன். கூரைச் சன்னல் வழியாக வெயில் விழுந்து அதில் தூள் பறந்தது. மகள் சோற்றையும் நெத்திலி சம்பலையும் கட்டிக்கொண்டு வந்தாள், மூன்று பேரும் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாலையில் நாற்காலி நின்றது. நான் துண்டு முனையை முறுக்கினேன். அவர் தோளைச் சுருக்கினார். இதுதான் எனக்கு வேண்டும், இவ்வளவுதான் வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வந்துருவேன், கொஞ்ச நாள்தான் என்றார்.

பழைய சாம்பிளைத் தவுக்கே எங்களிடமே கொடுத்துவிட்டார். மோட்டாரில் நடுவில் வைத்து, நான் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் கம்பெனியில் செய்த நாற்காலிகளில் ஒன்று முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. உட்கார்ந்து பார்த்தார். சாய்ந்தால் அந்த மங்கிய பொட்டு சரியாக அவர் முதுகுக்கு நடுவில் வந்தது.

திங்கட்கிழமை கிளம்பும்போது, மூவாருக்குப் போகிற கூட்டாளியின் வேனில் இடம் இருக்கிறது, நாற்காலியை எடுத்துப்போகட்டுமா என்று கேட்டார். அந்த டின் என் கண்முன் வந்தது. இருந்தாலும் வேண்டாம் என்றேன். வேனில் கீறல் விழும், அறையில் இடம் ஏது, கண்டவன் உட்காருவான் என்று ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். நாற்காலி அங்கே போனால் அவர் அங்கே நன்றாக உட்கார்ந்துவிடுவார். டின்னில் உட்காருகிற வரைக்கும் அது அவர் வீடு இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, இங்கயே இருக்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார். அதன்பிறகு அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. மகள் அதற்கு அப்பா சீட் என்று பெயர் வைத்தாள்.

ஆர்டர் கிடைத்தது. வியட்னாமுக்குப் போகவில்லை, முழுசாக எங்களுக்கே வந்தது. அட்டைப்பெட்டி லோரி தினமும் வர ஆரம்பித்தது, சில நாள் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. நான் வீட்டில் அவர் சட்டைகளை எடுத்துத் துவைத்து மடித்தேன். கம்பெனிக்குப் போட்டுப் போகும் பழைய காலணியை வெயிலில் வைத்தேன். தவுக்கே எப்போது வாயைத் திறப்பார் என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அவர் என்னைக் கண்டால் வேறு பக்கம் போனார்.

பிறகு ஒரு நாள் கண்டெய்னர் ஒன்று வாசலில் வந்து நின்றது. எங்கள் வாசலில் சரக்கு ஏற்றத்தான் கண்டெய்னர் வரும். இது இறக்க வந்தது. உள்ளே மரச்சட்டம் அடித்த ஒரு பெரிய பெட்டி. பிரித்தார்கள், வெள்ளையும் நீலமுமாகக் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று நின்றது. அதைக் கொண்டுபோய்க் கால் மெஷின் இருந்த இடத்தில் வைத்தார்கள். பழையதை ஓரமாக நகர்த்தி மேலே கித்தான் போட்டு மூடினார்கள். காலின் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் இரண்டு ஷிப்ட் வேலையைத் தானே செய்யும், பக்கத்தில் நின்று பலகை வைக்க ஒரு ஆள் போதும் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை தவுக்கே என்னிடம் வந்தார். சண்டை போட வாயில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் வரவில்லை.

"வாங்குறவன் வரியில பாதிய நம்ம தலையில கட்டுறான் தங்கச்சி. மரம் வெல ஏறுது, வெளிநாட்டு ஆளுக்கு பெர்மிட்டு கெடைக்கல. மெஷின் போடலன்னா இந்த வெலைக்கு முடியாது லா. நான் சொன்ன பேச்ச காப்பாத்தல."

ஆர்டர் வராவிட்டால் ஷிப்ட் இல்லை, ஆர்டர் வந்தாலும் ஷிப்ட் இல்லை. நான் இத்தனை நாள் லோரியைப் பார்த்துப் பார்த்துச் சொன்ன ஜோசியத்தில் இது மட்டும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மடித்த சட்டைகளை அலமாரியில் வைத்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. புது மெஷினுக்கு முதல் பூஜை, யாராவது சுமங்கலி பொட்டு வைக்கட்டும் என்று எங்கள் சூப்பர்வைசர் தட்டை என்னிடம் நீட்டினார். அவருக்கு என் கதை மறந்துபோயிருக்கும், அல்லது நினைவிருந்துதான் நீட்டினாரோ, தெரியாது. தட்டை வாங்கிக்கொண்டேன். சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, அதன் நெற்றி எது என்று தெரியாமல் நடுவாக ஒரு இடத்தில் வைத்தேன். வழுவழுப்பான தகடு. பொட்டு கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு சொத்தென்று கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. மரத்திலிருந்து போகவே மாட்டேன் என்றது இதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. போன வருடம் ஆர்டர் கொடு என்று கும்பிட்டேன். இந்த வருடம் எதைக் கேட்பது என்று புரியவில்லை. ஆர்டரை நடுவில் இழுக்காமல், அவரை அனுப்பு என்று மட்டும் கேட்டேன்.

அன்று சாயங்காலம் போனில் அவர் முதலில் கேட்டது மெஷினைப் பற்றித்தான். பின்னங்கால் சாய்வு சரியாக வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லையா என்றார். இல்லை என்றேன். அப்ப நல்ல மெஷின்தான் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அந்தக் குரலில் வருத்தம் இருந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. வேலையை மதிக்கிறவர், நன்றாக வந்தால் நன்றாக வந்தது என்றுதான் சொல்வார். டின்னில் உட்கார்ந்திருந்தார். முதுகு முன்பைவிட வளைந்திருந்தது. என் பிடிவாதத்துக்காக இந்த மனுஷன் எத்தனை நாள் சாய இடமில்லாமல் சாப்பிடுவது என்று தோன்றியது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பெட்டி வாங்கினேன். இப்போது வரும் மெலிந்த அட்டை இல்லை, கிடங்கின் மூலையில் கிடந்த பழைய கெட்டி அட்டை. வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்காலியைத் துடைத்தேன். காலைக் கழற்றவில்லை, முழுசாகவே வைத்தேன். மூலைகளுக்கு அட்டை மடித்துக் கொடுத்தேன், முதுகுப்பலகைக்கு இரண்டு சுற்று நுரைத்தாள் சுற்றினேன். கையளவு இடம்கூட ஆடாதபடி அடைத்தேன். என் வாழ்நாளில் எத்தனை நாற்காலி கட்டியிருப்பேன், எதிலும் யார் உட்காரப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததில்லை. இதில் தெரிந்தது. டேப்பை நீட்டி ஒட்டினேன். மகள் பக்கத்தில் நின்று, அப்பா இனிமே வரமாட்டாரா என்று கேட்டாள். வருவார், சும்மா உட்காரத்தான் அனுப்புகிறேன் என்றேன். அவள் ஐந்தாம் படிவம் படிக்கிறவள், நம்பியதாகத் தெரியவில்லை.

அட்டைப்பெட்டி லோரி ஓட்டுநருக்கு மூவாரிலும் வாடிக்கை உண்டு. அவரிடம் கொடுத்துவிட்டேன். லோரி செம்பனைகளுக்கு நடுவே திரும்பி மறையும் வரை கம்பெனி வாசலில் நின்றேன். வீட்டில் சாப்பாட்டு மேசைப் பக்கம் அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன், பிறகு எடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அவர் கூப்பிட்டார். பெட்டி வந்துவிட்டது என்றார், பேக்கிங் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாராட்டினார். உட்கார வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் போனைத் திருப்பினார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டி நின்றது. நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. அவர் அதன் பக்கத்தில் டின்னில் உட்கார்ந்திருந்தார்.

"தொறக்கலமா," என்றார். "இதுல ஒக்காந்துட்டா இங்கயே இருந்துருவேன். வரும்போது அப்படியே தூக்கிட்டு வரேன்."

நான் சொல்ல நினைத்தது எவ்வளவோ. வாயில் வந்தது என் தொழில் பேச்சுதான்.

"தரையில வைக்காதீங்க," என்றேன். "அடியில ரெண்டு கட்டை குடுங்க. அட்டையில ஈரம் ஏறிடும்."

சரி என்று சொல்லி, அப்போதே எழுந்து கட்டை தேடப் போனார். போன் கட்டிலில் கிடந்தது. கூரையும், மெதுவாகச் சுற்றும் ஒரு காற்றாடியும் மட்டும் தெரிந்தன. அவர் திரும்பி வரும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.